லைட்டை அணைச்சா எங்கம்மாவுக்கு காது கேக்காது: குடியிருப்போர் சங்க கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் சார், செக்ரட்டரி மேடம், பொருளாளர் சார், கமிட்டில இருக்கற எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் நம்ம வாட்ஸப் குரூப்ல ஒரு நோட்டீஸ் போட்டிருந்தீங்க. பார்வை குறைஞ்சவங்களுக்கும் காது கேக்காதவங்களுக்கும் சங்கம் சார்பா ஏதாவது செய்யணும், ஒரு நாள் ஹால்ல நிகழ்ச்சி வச்சு குச்சி, கண்ணாடி, காது மெஷின் எல்லாம் குடுக்கலாம்னு இருக்கோம், யோசனை இருந்தா சொல்லுங்கன்னு. படிச்சதும் உண்மையிலயே சந்தோஷமா இருந்துச்சு, யாரும் கேக்காமலே நீங்களா எடுத்த முடிவு இது, அதுக்கு முதல்ல நன்றி. ஆனா அந்த நோட்டீஸ் எங்க வீட்ல யாருக்காக போட்டீங்களோ அந்த ரெண்டு பேருக்குமே போய்ச் சேரல. பேப்பர்ல டைப் பண்ணி, ஃபோட்டோ எடுத்து போட்டிருந்தீங்க, அப்பா ஃபோன்ல இருக்கற டாக்பேக், அதாவது திரைல இருக்கற எழுத்த வாசிச்சுச் சொல்ற வசதி, அதை "படம்"னு மட்டும் சொல்லிட்டு அடுத்த மெசேஜுக்கு போயிடுச்சு. அதுக்குக் கீழ தலைவர் சார் நாலு நிமிஷத்துக்கு ஒரு வாய்ஸ் நோட் போட்டு விளக்கியிருந்தீங்க, அம்மா ஃபோனை காதுல வச்சு மூணு தடவ கேட்டுட்டு "யாரோ ஏதோ முக்கியமா சொல்றாங்க"ன்னு என்கிட்ட நீட்டினாங்க. அதே விஷயத்தை நாலு வரி டைப் பண்ணி போட்டிருந்தா அம்மா கண்ணால படிச்சிருப்பாங்க, அப்பாவுக்கு ஃபோன் படிச்சுக் காட்டியிருக்கும்.

அதனாலதான் இந்த மடல். யோசனை கேட்டிருக்கீங்க, சொல்றேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

எங்கப்பாவுக்கு க்ளாக்கோமா, கண் நரம்பு மெல்லக் கெட்டுப் போற நோய், அம்மாவுக்கு காது. ரெண்டு பேருக்குமே எழுபது தாண்டியாச்சு. ரெண்டும் பிறவியில வந்ததில்ல, ரெண்டுமே பத்துப் பன்னெண்டு வருஷத்துல மெல்ல மெல்ல வந்தது, அதனால எங்களுக்கே எப்ப ஆரம்பிச்சுதுன்னு சரியா சொல்லத் தெரியாது. பொதுக்குழு கூட்டத்துக்கு ஒரு தடவ விடாம வந்துட்டு இருந்தவங்க ரெண்டு பேரும், அப்பா எழுந்து கணக்கு கேப்பாரு, அம்மா தண்ணி டேங்க் விஷயத்த விடவே மாட்டாங்க, உங்களுக்கே ஞாபகம் இருக்கும். இப்ப ரெண்டு வருஷமா வரல. "வயசாயிடுச்சு, பாவம், முடியல போல"ன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டீங்க, நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைச்சேன்.

கடைசியா அவங்க வந்த கூட்டத்துல என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். லிஃப்ட் மாத்தறத பத்தின கூட்டம் அது. ப்ரொஜெக்டர் போட்டீங்க, திரை தெளிவா தெரியணும்னு ஹால் லைட்ட எல்லாம் அணைச்சீங்க, அந்த நிமிஷமே எங்கம்மாவுக்கு கூட்டம் முடிஞ்சு போச்சு. ஏன்னா அம்மா பாதி கேக்கறது காதால, மீதி பேசறவங்க உதட்டப் பாத்து. இருட்டுல உதடு தெரியல, வெறும் இரைச்சல் மட்டும் வருது. அதே நேரத்துல பேசினவரு திரைல கை காட்டி "இது பாருங்க இவ்ளோ ஆகும், இதுக்கு பதிலா இத எடுத்தா இவ்ளோ குறையும், இங்க இருக்கற வித்தியாசத்த பாருங்க"ன்னு சொல்லிட்டே போனாரு. அப்பாவுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவா கேட்டுச்சு, ஆனா "இது" எது, "அது" எதுன்னு தெரியாம உக்காந்திருந்தாரு. அம்மா திரையைப் பாத்துட்டு நம்பர அப்பா காதுல சொன்னாங்க, காது கேக்காதவங்க குரல் அளவு அவங்களுக்கே தெரியாதில்ல, மெதுவா சொல்றதா நினைச்சு சத்தமா சொல்லிட்டாங்க, பின்னாடி வரிசைல யாரோ "ஷ்ஷ்"னாங்க. அந்த "ஷ்ஷ்" அம்மாவுக்கு கேக்கல. எல்லாரும் திரும்பிப் பாத்தது மட்டும் தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து "இனிமே நீ மட்டும் போயிட்டு வா"ன்னு என்கிட்ட சொன்னாங்க.

அன்னிக்கு யாரும் கெட்ட எண்ணத்தோட எதுவும் பண்ணல, எனக்கு அது நல்லாவே தெரியும். அதான் ரெண்டு வருஷமா வாயத் திறக்காம இருந்தேன். இருந்திருக்கக் கூடாது.

காது விஷயத்துல நிறைய பேருக்கு ஒரு தப்பான எண்ணம் இருக்கு, சத்தம் குறைவா கேக்கும், அதனால கத்திப் பேசினா சரியாயிடும்னு. வயசானவங்களுக்கு காது போறப்ப பெரும்பாலும் முதல்ல போறது மேல் சுருதி. ஆ, ஓ மாதிரி உயிர் எழுத்தெல்லாம் கீழ் சுருதில கனமா இருக்கும், அது கேட்டுடும். ச, ஸ, த, ப, க மாதிரி மெய்யெல்லாம் மெல்லிசா மேல் சுருதில இருக்கறதால அது காணாம போயிடும். அதனால ஒருத்தர் பேசறது தெரியும், ஆனா "கல்"லா "பல்"லான்னு தெரியாது. அதான் அம்மா "கேக்குது, ஆனா புரியல"ன்னு சொல்றாங்க, அந்த வாக்கியம் வேடிக்கையா இருக்குன்னு நிறைய பேர் நினைக்கிறீங்க, அதை விடத் துல்லியமா சொல்ல முடியாது. உட்காதுல இருக்கற முடி செல்கள், ஒரு காதுக்கு சுமார் 15,000 இருக்கும், அது செத்தா மனுஷங்களுக்கு மறுபடி முளைக்காது. கத்தினா என்ன ஆகும்னா ஏற்கனவே கேக்கற உயிர் எழுத்து இன்னும் இடி மாதிரி விழும், உதடு கோணிக்கும், சில நேரம் காது வலிக்கவே செய்யும். சாதாரண குரல்ல, கொஞ்சம் நிதானமா, முகத்தை நேரா காட்டி, ஆறடி தூரத்துக்குள்ள இருந்து பேசினா போதும். புரியலேன்னா அதே சொல்லத் திருப்பித் திருப்பி சொல்லாம வேற சொல் போட்டு சொல்லிப் பாருங்க.

உதட்டைப் படிக்கறதும் நாம நினைக்கற மாதிரி லேசு இல்ல. கண்ணாடி முன்னாடி நின்னு சத்தமில்லாம "பணம்"னு சொல்லிப் பாருங்க, அப்புறம் "மணம்"னு சொல்லிப் பாருங்க, ரெண்டும் ஒண்ணுதான். "க" தொண்டைக்குப் பக்கத்துல பொறக்கறது, வெளில தெரியவே தெரியாது. மிச்சத்த மூளை ஊகம் பண்ணித்தான் நிரப்புது, அதனால ஒரு மணி நேர கூட்டம் முடிஞ்சு வந்தா அம்மா பரீட்சை எழுதிட்டு வந்த மாதிரி சோந்து படுத்துடுவாங்க.

இதுல எங்க வீட்லயே நடந்த ஒண்ணு இருக்கு. மூணு வருஷம் முன்னாடி அம்மாவுக்கு காது ரொம்ப மோசமாயிடுச்சுன்னு நினைச்சோம். மெஷின்ல சத்தத்த கூட்டினோம், ஆடியாலஜிஸ்ட்கிட்ட போனோம், டெஸ்ட் எடுத்துப் பாத்தா ரிசல்ட் பழைய மாதிரியேதான் இருக்கு. அப்புறம்தான் கண் டாக்டர்கிட்ட வேற எதுக்கோ போனப்ப ரெண்டு கண்ணுலயும் கேட்டராக்ட், அதான் கண்புரை, முத்தியிருக்குன்னு சொன்னாங்க. லென்ஸ் மங்கினதால உதடு மங்கியிருக்கு, அதனால பேச்சு மங்கியிருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு கட்டுப் பிரிச்ச அன்னிக்கு காலைல காபி குடுக்கறப்ப ஏதோ கேட்டேன், அம்மா என் முகத்தையே பாத்துட்டு "நீ என்ன இன்னிக்கு இவ்ளோ தெளிவா பேசற?"ன்னாங்க. நான் எப்பவும் பேசற மாதிரிதான் பேசினேன். கண் ஆபரேஷன் பண்ணினதுல எங்கம்மாவுக்கு காது கேட்டுச்சு. கண்ணு ஒரு டிபார்ட்மென்ட், காது ஒரு டிபார்ட்மென்ட்னு தனித்தனியா பாக்கறோம், உள்ள இருக்கற மனுஷனுக்கு அப்படி இல்ல, ஒண்ணு குறைஞ்சா இன்னொண்ணுதான் தூக்கிச் சுமக்குது. அதனாலதான் லைட்ட அணைக்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு இவ்ளோ சொல்றேன்.

இப்ப அப்பா கதை. இத சொல்றப்ப எனக்கு கொஞ்சம் கோவம் வரும், மன்னிச்சுக்கங்க. அப்பா தினமும் கீழ பெஞ்ச்ல உக்காந்து பேப்பர் படிப்பாரு. சின்ன எழுத்து கூட படிப்பாரு. அதே மனுஷன் எழுந்து நடக்கறப்ப எதிர்ல கிடக்கற நாற்காலில முட்டிக்குவாரு. டாக்டர் சொல்லி வெள்ளைக் குச்சி வாங்கிக் குடுத்தோம், ரெண்டாவது நாளே ஒருத்தர் அவர் காதுபடவே "பேப்பர் படிக்கத் தெரியுது, அப்புறம் எதுக்கு குச்சி, சும்மா நடிப்பு"ன்னு சொல்லிட்டாரு. யாருன்னு எழுத மாட்டேன். க்ளாக்கோமால பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதல்ல போகும், நடுப் பார்வை ரொம்ப நாள் நல்லாவே இருக்கும். அதனால எழுத்து தெரியும், நாற்காலி தெரியாது. நடுப் பார்வைக்கான மாக்குலாங்கற விழித்திரைப் பகுதி கெட்டுப் போனவங்களுக்கு அப்படியே தலைகீழ், நாற்காலிய சுத்தி நடந்துடுவாங்க, உங்க முகம் யாருன்னு தெரியாது, "பாத்தும் பேசாம போறாங்க, திமிரு"ன்னு பேர் வாங்குவாங்க. பார்வை இல்லன்னா முழு இருட்டுன்னு நாம நினைச்சுக்கறோம், ஆனா பார்வை இழப்புள்ளவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு மேல ஏதோ கொஞ்சம் தெரியும். அப்பாகிட்ட ஒரு தடவ ஓரத்துல கருப்பா தெரியுமான்னு கேட்டேன். "கருப்பா எல்லாம் இல்லம்மா, அந்த இடமே இல்லாத மாதிரி"ன்னாரு. மூளை இல்லாததை நிரப்பிடுது, அதனாலதான் நிறைய பேருக்கு பாதி போன பிறகும் போனதே தெரியறதில்ல, போனது திரும்பியும் வராது, சொட்டு மருந்து மிச்சத்தக் காப்பாத்தத்தான். அப்பா அம்மாவுக்கோ கூடப் பொறந்தவங்களுக்கோ இருந்தா நமக்கும் வர வாய்ப்பு அதிகம், நான் வருஷா வருஷம் பாத்துக்கறேன், இத படிக்கறவங்க தயவுசெஞ்சு நீங்களும் பாத்துக்கங்க.

அந்தப் பேச்சுக்கு அப்புறம் அப்பா குச்சிய எடுக்கறத நிறுத்திட்டாரு. அடுத்த மாசம் மாடிப்படிக்குக் கீழ நீங்க அழகுக்கு வச்ச பூந்தொட்டி தடுக்கி விழுந்தாரு, மணிக்கட்டு எலும்பு விட்டுப் போச்சு. தொட்டி இருந்தது எங்கேன்னா அந்த மஞ்சள் புள்ளி டைல்ஸ் மேல. அந்த டைல்ஸ் பத்தியும் சொல்லணும். ஜப்பான்ல ஒகயாமாங்கற ஊர்ல செய்ச்சி மியாகேங்கற ஒருத்தர் யோசிச்சுக் கண்டுபிடிச்சது அது, 1967ல பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்து ரோட்ல முதல்ல பதிச்சாங்க. நீள நீளமா கோடு இருந்தா இந்தப் பக்கம் நடன்னு அர்த்தம், புள்ளி இருந்தா நில்லு, முன்னாடி படியோ ரோடோ இருக்குன்னு அர்த்தம், கொஞ்சம் பார்வை மிச்சம் இருக்கறவங்களுக்கும் தெரியணும்னுதான் மஞ்சள். நம்ம வளாகத்துல அத டிசைன்னு நினைச்சு மேஸ்திரி கோட்டையும் புள்ளியையும் கலந்து பதிச்சிருக்காரு, ஒரு இடத்துல கோடு நேரா செவுத்துல போய் முடியுது. இது பழி சொல்றதுக்கில்ல சார், மாத்தறது ஒரு நாள் வேலை, தொட்டிய நகத்தறது அஞ்சு நிமிஷம்.

குச்சி விஷயத்துலயும் ஒண்ணு. இங்கிலாந்துல பிரிஸ்டல்ங்கற ஊர்ல ஜேம்ஸ் பிக்ஸ்னு ஒரு ஃபோட்டோகிராஃபர், விபத்துல பார்வை போனவரு, ரோட்ல வண்டிக்காரங்க தன்னப் பாக்கணும்னு 1921ல தன் கைத்தடிக்கு வெள்ளை அடிச்சாரு. அந்த வெள்ளை நிறம் நமக்கு, சுத்தி இருக்கறவங்களுக்கு. அதனால நீங்க நூறு குச்சி குடுத்தாலும் அதப் பாத்து "நடிப்பு"ன்னு சொல்றவங்க நூறு பேர் இருந்தா அந்தக் குச்சி மூலைலதான் நிக்கும். குச்சி குடுக்கற அன்னிக்கு, குச்சி தேவைப்படாத நம்ம எல்லாரையும்தான் முதல்ல உக்கார வச்சு பேசணும்.

வீட்ல அவங்க ரெண்டு பேரும் எப்படி சமாளிக்கிறாங்கன்னு நீங்க பாக்கணும். காலிங் பெல் அடிச்சா அப்பாவுக்கு கேக்கும், மேசைல ரெண்டு தட்டு தட்டுவாரு, அந்த அதிர்வு அம்மா கைக்குத் தெரியும், அம்மா போய் யாருன்னு பாப்பாங்க. கரண்ட் போச்சுன்னா அப்பாவுக்கு பெரிய மாற்றம் இல்ல, அம்மாவுக்குத்தான் பேச்சே நின்னு போகும். அப்ப அப்பா அம்மாவோட உள்ளங்கைய விரிச்சு ஆள்காட்டி விரலால எழுதுவாரு. "வா"ன்னு ஒரே எழுத்து. அம்மா கைய மூடிக்கிட்டா புரிஞ்சுதுன்னு அர்த்தம், திறந்தே வச்சிருந்தா மறுபடி எழுதணும். இத யாரும் அவங்களுக்கு சொல்லித் தரல. ரொம்ப நாள் கழிச்சுதான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், ஹியரோனிமஸ் லோர்ம்னு ஒரு எழுத்தாளர், முதல்ல காதும் அப்புறம் கண்ணும் போனவரு, 1881லயே உள்ளங்கைல தொட்டுப் பேசற ஒரு எழுத்து முறைய உண்டாக்கி வச்சிருக்காரு, கண்ணு காது ரெண்டும் இல்லாதவங்க இன்னைக்கும் அத பயன்படுத்துறாங்க. அப்பாகிட்ட சொன்னேன், "அவருக்கும் ஒரு பொண்டாட்டி இருந்திருப்பா"ன்னு மட்டும் சொன்னாரு.

வீட்ல ரெண்டு பேருக்குள்ள நடக்கற இது கூட்டத்துக்கு வந்தா ஏன் நிக்குதுன்னா, வெளில எல்லாரும் சொல்ற ஒரு வார்த்தை, "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்". எல்லாரும் சிரிக்கறாங்க, என்னன்னு அம்மா கேட்டா "ஒண்ணுமில்லம்மா". நானும் சொல்லிருக்கேன், நூறு தடவ. நமக்கு அது சின்ன ஜோக், திருப்பிச் சொல்ல சோம்பல். அவங்களுக்கு அது "நீ தெரிஞ்சுக்க வேண்டியதில்ல"ன்னு கேக்குது. நாலு தடவ அப்படிக் கேட்டவங்க அஞ்சாவது தடவ கேக்கறத விட்டுடுவாங்க, அப்புறம் வர்றதையும் விட்டுடுவாங்க. லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையோட கமிஷன் 2024ல வெளியிட்ட அறிக்கைல டிமென்ஷியா, அதாவது ஞாபகமும் யோசிக்கற திறனும் குறையற நோய், வராம தள்ளிப்போட நாம சரி செய்யக்கூடிய காரணங்கள்னு 14 சொல்லிருக்காங்க, அதுல காது கேக்காம கவனிக்காம விடறதும் இருக்கு, பார்வைக் குறைவ கவனிக்காம விடறதும் இருக்கு, தனிமையும் இருக்கு. எங்க வீட்ல இந்த மூணும் ஒரே சோஃபால உக்காந்திருக்கு.

மூணாவது மாடில இருக்கற தம்பி விஷயமும் இதோட சேத்தி. பிறவிலேர்ந்து காது கேக்காத பையன், சைகை மொழிலதான் பேசுவான். "அவனுக்கு எழுதிக் காட்டிடலாமே"ன்னு போன கூட்டத்துல யாரோ சொன்னீங்க. எங்கம்மாவுக்கு எழுதிக் காட்டினா சரி, அம்மா அறுபது வருஷம் காதால கேட்ட மொழி அது. அந்தத் தம்பிக்கு சைகைதான் தாய்மொழி, எழுத்து ரெண்டாவதா கத்துக்கிட்டது, நீளமா எழுதிக் குடுத்தா நாம இன்னொரு மொழில சட்டம் படிக்கற மாதிரி இருக்கும். சைகை மொழின்னா கையால ஊமை ஜாடை காட்டறதில்ல, தனி இலக்கணம் இருக்கற முழு மொழி, உலகத்துல 300க்கும் மேல இருக்கு. 1880ல இத்தாலில மிலான்ல காது கேக்காதவங்க கல்வி பத்தி ஒரு மாநாடு கூடி, காது கேக்காத பிள்ளைங்களுக்கு பேச்சு வழியாத்தான் பாடம் நடத்தணும், சைகை கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்க, ஓட்டு போட்டவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருமே காது கேக்கறவங்க. அந்தத் தீர்மானத்துக்கு அதே மாநாட்டு வரிசைல 2010ல கனடாவுல வான்கூவர்ல வருத்தம் தெரிவிச்சாங்க. 130 வருஷம் ஆச்சு. அவங்கள கூப்பிடாம அவங்களுக்காக முடிவு எடுத்தா இப்படித்தான் ஆகும், அதனால இந்த நிகழ்ச்சிக்கான கமிட்டில அந்தத் தம்பியையும் எங்கப்பா அம்மாவையும் சேத்துக்கங்க. பெரிய கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு பண்ணினா ரெண்டு பேரா பண்ணணும், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ மாறிக்குவாங்க, ஒருத்தரால தாங்காத வேலை அது.

சாத்தியமான்னு கேப்பீங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் கரைக்குப் பக்கத்துல மார்த்தாஸ் வின்யார்ட்னு ஒரு தீவு. பரம்பரையா காது கேக்காதவங்க அங்க நிறைய, 19ம் நூற்றாண்டுல சில்மார்க்ங்கற ஊர்ல 25 பேருக்கு ஒருத்தர்னு சொல்றாங்க. அங்க எல்லாருமே சைகை பேசினாங்க, காது கேக்கறவங்களும், படகுலேர்ந்து படகுக்கு மீன்காரங்களும். பின்னாடி அங்க இருந்த வயசானவங்ககிட்ட யாருக்கெல்லாம் காது கேக்காதுன்னு கேட்டப்ப யோசிச்சுத்தான் சொல்ல வேண்டியிருந்துச்சாம், அந்த அளவுக்கு அது ஒரு விஷயமாவே இல்ல. அங்க யாரும் நிகழ்ச்சி நடத்தி எதுவும் குடுக்கல, பேசற விதத்த எல்லாரும் மாத்திக்கிட்டாங்க.

உலக சுகாதார நிறுவனத்தோட 2021 அறிக்கைப்படி உலகத்துல 150 கோடி பேருக்கு மேல ஏதோ ஒரு அளவு காது குறை இருக்கு, 2019 அறிக்கைப்படி குறைஞ்சது 220 கோடி பேருக்கு பார்வைக் குறை. நம்ம வளாகத்துல என் வீடு மட்டும்னு நினைக்காதீங்க. சொல்லாம இருக்கறவங்க எத்தன பேரோ, மெஷின வாங்கி டிராயர்ல போட்டு வச்சிருக்கறவங்க எத்தன பேரோ. மெஷின் வாங்கிக் குடுத்தா மட்டும் அது டிராயர விட்டு வெளில வராது, பழக்க ஆள் வேணும், காதுக்குள்ள பொருந்தற மோல்டு சரி பண்ணணும், பேட்டரி மாத்தத் தெரியணும், முதல் மாசம் உலகமே இரைச்சலா இருக்கும், அப்ப "பொறுத்துக்கங்க, எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு"ன்னு சொல்ல ஏற்கனவே போட்டுப் பழகின ஒருத்தர் பக்கத்து வீட்ல இருந்தா அதுதான் பெரிய உதவி. அம்மா அத செய்யத் தயாரா இருக்காங்க, கேட்டுட்டேன்.

நிகழ்ச்சிக்கு ஒதுக்கின பணத்துல என்னென்ன பண்ணலாம்னா, ஹால்ல இண்டக்ஷன் லூப் போட முடியுமான்னு ஒரு ஆள வச்சு பாருங்க, தரையோரமா சுத்தி ஒரு வயர்தான், மைக்ல பேசறது காந்த அலையா போய், அதப் புடிக்கற டெலிகாயில்ங்கற சின்ன கம்பிச் சுருள் இருக்கற காது மெஷின்ல நேரா விழும், ஃபேன் சத்தம் பேச்சு சத்தம் எதுவும் நடுவுல வராது. ஆனா மைக்ல பேசினாத்தான். "எனக்கு மைக் வேணாம், என் குரலே போதும்"னு சொல்ற நம்ம ஆளுங்க எல்லாரும் தயவுசெஞ்சு மைக்க வாங்கிக்கங்க. பேச ஆரம்பிக்கறப்ப முதல்ல பேர சொல்லுங்க, அப்பாவுக்கு குரல வச்சுத்தான் ஆள் தெரியும். தீ எச்சரிக்கை மணி கூட வெறும் சத்தம்தான், ராத்திரி மெஷின கழட்டி வச்சுட்டு தூங்கற அம்மாவுக்கு அது இருந்தும் இல்லாத மாதிரி, மினுக்கற லைட்டும் தலையணைக்குக் கீழ அதிர்ற கருவியும் சேத்து வர்ற மாதிரி இருக்கு, அத விசாரிங்க. லிஃப்ட் மாத்தறப்ப தொடுதிரை பட்டன் வேணாம், தடவிப் பாத்தா தெரியற பட்டனும் மாடி எண்ண சொல்ற குரலும் இருக்கட்டும்.

அடுத்த கூட்டம் ஞாயித்துக்கிழமைன்னு போட்டிருக்கீங்க. ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரேன், அப்பா குச்சியோட வருவாரு. ரெண்டாவது வரிசைல ஓரத்துல ரெண்டு நாற்காலி போடுங்க, பேசறவங்க ஜன்னலுக்கு முதுகு காட்டி நிக்க வேணாம், வெளிச்சம் பின்னாடி இருந்தா முகம் கருப்பா தெரியும். கைய புடிச்சு இழுக்காம உங்க முழங்கைய நீட்டினா போதும், அப்பா புடிச்சுக்கிட்டு அரை அடி பின்னாடி வருவாரு. அம்மாவுக்கு வலது காதுதான் கொஞ்சம் கேக்கும், அந்தப் பக்கம் செக்ரட்டரி மேடம் உக்காந்தா நல்லது, தண்ணி டேங்க் பத்தி அவங்ககிட்ட கேக்க ரெண்டு வருஷத்துக் கேள்வி சேத்து வச்சிருக்காங்க.

இப்படிக்கு,
உங்க வளாகத்துல குடியிருக்கற ஒரு மகள்